முரட்டுத்தனமாகப் பேசியவரே என்னைத் தேர்வும் செய்திருக்கிறார்: இரண்டாம் சுற்றுக்குப் போகலாமா?

பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்தாண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் வேறொரு நிறுவனத்தின் முதல் தொழில்நுட்பச் சுற்றில் காணொளி வழியாகக் கலந்துகொண்டேன். நேர்காணல் செய்தவர் தொடக்கம் முதல் இறுதி வரை தம் கேமராவை அணைத்தே வைத்திருந்தார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, நான் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் "இதெல்லாம் ரெஸ்யூமிலேயே இருக்கிறது, அடுத்தது" என்றார். செலினியம் என்ற மென்பொருள் சோதனைக் கருவியைக் கொண்டு எங்கள் குழு அமைத்த தானியங்கிச் சோதனைகளை விளக்கத் தொடங்கியபோது, "ஐந்து வருடமாக இதை மட்டும்தான் செய்துகொண்டிருக்கிறீர்களா?" என்றார். இடையிடையே தட்டச்சு செய்யும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பள்ளி என்று கேட்டார். திருநெல்வேலி மாவட்டத்தில் அரசுப் பள்ளி, தமிழ் வழி என்று சொன்னேன். "அதுதான் ஒரு பதிலுக்கு இவ்வளவு நேரம் ஆகிறது" என்றார்.

எப்படியோ பதறாமல் முடித்துவிட்டேன். நிச்சயம் தேற மாட்டேன் என்று நினைத்திருந்த நிலையில், நேற்று எச்.ஆர். தொலைபேசியில் அழைத்து, முதல் சுற்றில் தேர்வாகிவிட்டதாகவும், இரண்டாம் சுற்றும் என்னை நேர்காணல் செய்த அதே நபருடன்தான் என்றும், அவரே அந்தக் குழுவின் மேலாளர் என்றும் தெரிவித்தார். எனக்கு இரண்டு கேள்விகள். அவர் மீண்டும் அதே விதமாக நடந்துகொண்டால் எப்படிப் பதில் சொல்வது? அதைவிட முக்கியமாக, நான் போகத்தான் வேண்டுமா?

ஓ.எம்.ஆர்.வாசி

நான் நேர்காணல் செய்யும் தரப்பில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் பேனலில், அதாவது நேர்காணல் குழுவில், உட்காருவது பெரும்பாலும் தனிப் பணியாகக் கணக்கில் வராது. புராஜெக்ட் வேலையோடு சேர்த்துச் சுமத்தப்படுவது அது. எச்.ஆர். காலண்டரில் ஒரு நேரத்தை அடைத்துவிடுவார், அதற்கு முந்தைய கூட்டம் நீண்டுவிடும், உங்கள் ரெஸ்யூமை நீங்கள் திரையில் தோன்றிய பிறகுதான் திறந்து பார்ப்போம். முடிந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கட்டம், ஒரு மதிப்பீடு, ஒரு வரிக் குறிப்பு. உங்கள் அறிமுகவுரை அந்தக் கட்டங்கள் எதையும் நிரப்பாது. அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தது வேறு யாருக்கோ அனுப்பும் செய்தியாகவும் இருக்கலாம், உங்களைப் பற்றிய குறிப்பாகவும் இருக்கலாம்.

எனவே அவசரக்காரரிடம் முடிவை முதலில் சொல்லுங்கள், கதையைப் பிறகு சொல்லுங்கள். "எங்கள் குழுவில் எட்டுப் பேர், எங்கள் செயலி இன்ன வகையைச் சேர்ந்தது" என்று தொடங்கினால் அவர் உங்களை வெட்டுவார். "கையால் செய்து வந்த ரிக்ரஷன் சோதனை இரண்டு நாள் எடுத்தது, இப்போது இரவோடு இரவாக முடிகிறது, அதில் லாகின், பணப்பரிமாற்றம் ஆகிய பகுதிகளை எழுதியது நான்" என்று தொடங்கினால் அடுத்த கேள்வி அவரிடமிருந்து தானாக வரும். (எண்களை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், பொய்யாக மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வியே அந்த எண்ணைப் பற்றித்தான் இருக்கும்.)

நீங்கள் சொன்னவற்றில் கேமராவையும் குறுக்கீட்டையும் அவசரத்தின் கணக்கில் எழுதலாம். பள்ளியைப் பற்றிச் சொன்னதை அப்படி எழுத முடியாது, அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

வைகைச்சாரல்

மன்னிக்கவும், "போகலாமா" என்ற கேள்வியே எனக்கு ஆடம்பரமாகத் தோன்றுகிறது. நான் படித்து முடித்து ஓராண்டுக்கு மேலாகிறது. சனிக்கிழமைதோறும் வாக்-இன் வரிசையில் வெயிலில் நின்று, உள்ளே போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "அழைக்கிறோம்" என்ற சொல்லோடு மதுரைக்கு இரவுப் பேருந்து ஏறுகிறவர்களுக்கு, திட்டிவிட்டாவது தேர்வு செய்யும் மேலாளர் கிடைத்தால் போதும். போய் உட்காருங்கள் தோழி. அவர் பேசுவதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கியர்

பொதுத்துறை வங்கி ஒன்றில் பணியாற்றி, நேர்காணல் குழுக்களில் பல முறை அமர்ந்தவன் நான். குறுக்கிடுவதெல்லாம் அவமதிப்பு என்று இளைஞர்கள் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரிகள் தேர்வை எடுத்துக்கொண்டால், நேர்காணலுக்கு 100 மதிப்பெண்கள், அதில் பொதுப் பிரிவினர் 40 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் 35 விழுக்காடும் பெற்றாக வேண்டும். இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் 80:20 என்ற விகிதம். ஒரே நாளில் வரிசையாகப் பலரைப் பார்க்கும் குழு, விடை போதுமான அளவு கிடைத்தவுடன் அடுத்ததற்குத் தாவிவிடும். பல நேரங்களில் "போதும்" என்று நாங்கள் சொன்னது, சரியான விடை வந்துவிட்டது என்பதால்தான். ஆனால் அதைக் கேட்ட பிள்ளையின் முகம் அப்போதே வாடிப்போய், அடுத்த கேள்விக்கு வர வேண்டிய பதிலும் சேர்ந்து கெட்டுவிடும்.

குறுக்கிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள் அம்மா. குரலை உயர்த்தி வாக்கியத்தை முடிக்க முயல வேண்டாம். புதிய கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் நேரான விடையைச் சொல்லிவிட்டு, விட்டுப்போன செய்தி உண்மையிலேயே முக்கியமானது என்றால் மட்டும், "முந்தைய கேள்வியில் ஒரு செய்தி மீதமிருக்கிறது, சொல்லலாமா?" என்று ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரே நேர்காணலில் இதை இரண்டாம் முறை செய்தால் பிடிவாதமாகத் தெரியும். தெரியாத கேள்விக்குத் "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். சுற்றி வளைத்துப் பேசுபவரிடம்தான் பொறுமையான குழுவும் பொறுமை இழக்கும்.

மலைக்கோட்டை மாணவன்

குடிமைப் பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வு (நேர்காணல்) வரை சென்று வந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எழுத்துத் தேர்வுக்கு 1750, ஆளுமைத் தேர்வுக்கு 275, ஆக மொத்தம் 2025 மதிப்பெண்கள். இது கண்டிப்பான குறுக்கு விசாரணை அன்று, இயல்பாகவும் நோக்கத்தோடும் நடத்தப்படும் உரையாடல் என்று தேர்வாணையத்தின் அறிவிக்கையே சொல்கிறது. தில்லியில் தேர்வாணையம் இயங்கும் தோல்பூர் மாளிகையில் எனக்குக் கிடைத்த குழு மிகவும் பண்பாக நடந்துகொண்டது. முரட்டுத்தனத்தை நான் சந்தித்தது அதற்கு முன், சென்னையில் ஒரு பயிற்சி மையம் நடத்திய மாதிரி நேர்காணலில்தான். அங்கே வேண்டுமென்றே ஒருவரைச் சீண்டுவதற்காக அமர்த்தியிருந்தார்கள்.

விண்ணப்பத்தில் பார்த்த ஊரையும் பொழுதுபோக்கையும் வைத்து, ஜல்லிக்கட்டைப் பற்றி, "மாட்டை வதைப்பதைப் பண்பாடு என்று சொல்ல வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார். எனக்கு முன் போன நண்பர் உணர்ச்சிவசப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைப் பேசத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்தப்பட்டிருந்தார். நான் நடந்ததை மட்டும் சொன்னேன். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. பிறகு, காயங்களும் உயிரிழப்புகளும் நேர்வது உண்மை என்பதையும், விதிகள் எல்லா ஊர்களிலும் ஒரே கண்டிப்போடு பின்பற்றப்படுவதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். கேட்டவரின் குரல் அதன்பின் தணிந்துவிட்டது. சீண்டும் கேள்வியில் உண்மையாக இருக்கும் பகுதியை நாமே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால், மிச்சமிருப்பதை அமைதியாக மறுக்க இடம் கிடைக்கிறது.

உங்கள் விஷயத்திலும் அப்படித்தான். "ஆம், தமிழ் வழியில் படித்தேன், ஆங்கிலத்தில் பேசும்போது சற்று நிதானமாகப் பேசுவேன். சோதனை அறிக்கைகளை ஐந்தாண்டுகளாக ஆங்கிலத்தில்தான் எழுதி வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம்.

கல்லணை

இங்கே எல்லோரும் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய இயற்கைச் சீற்றம் போலப் பேசுகிறார்கள். வேண்டுமென்றே அழுத்தம் கொடுக்கும் நேர்காணலுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்., வர்ஜீனியாவில் ஒரு பண்ணை வீட்டில் ஆட்களைச் சோதித்தது. இரவில் அரசு அலுவலகத்தில் இரகசியக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டதாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பொய்க் காரணத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் புனைய வேண்டும். பிறகு முகத்தில் கூசும் விளக்கை அடித்து, சரமாரியாகக் கேள்வி கேட்டு, இறுதியில் "நீ தோற்றுவிட்டாய்" என்பார்கள். அதோடு முடியவில்லை. அடுத்த அறையில் அன்பாகப் பேசும் ஒருவர் காத்திருப்பார். விளக்கடியில் தாக்குப்பிடித்தவர்கள் இவரிடம் தளர்ந்து உண்மையைக் கொட்டிவிடுகிறார்களா என்பதும் தேர்வின் பகுதிதான். எதிரியிடம் பிடிபட வாய்ப்புள்ள ஒற்றனுக்கு அந்தச் சோதனை பொருந்தும். செலினியம் எழுதும் பெண்ணுக்கு எதற்கு?

அடுத்த எடுத்துக்காட்டு அட்மிரல் ரிக்கோவர். அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பிரிவுக்கு ஆள் எடுத்தவர். வந்தவர் நிலைகொள்ளாமல் சறுக்க வேண்டும் என்பதற்காக நாற்காலியின் முன்கால்களைக் குட்டையாக்கி வைத்தவர், பதில் பிடிக்காதவர்களைத் துடைப்பம் வைக்கும் அறைக்குள் அனுப்பியவர். 1952இல் இளம் அதிகாரியாக அவர்முன் உட்கார்ந்தார் ஜிம்மி கார்ட்டர். கடற்படைக் கழகத்தில் 820 பேரில் 59ஆம் இடம் என்று பெருமையோடு சொன்னதும், "உன்னால் இயன்ற அளவு முயன்றாயா?" என்று கேட்டார் ரிக்கோவர். "எப்போதும் அப்படி முயன்றேன் என்று சொல்ல முடியாது" என்றார் கார்ட்டர். ரிக்கோவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "ஏன் முயலவில்லை?" என்று மட்டும் கேட்டார். கார்ட்டர் தேர்வானார். இந்தக் கதையைச் சொல்லித்தான் பல மேலாளர்கள் தங்கள் முரட்டுத்தனத்துக்கு மெருகு பூசுகிறார்கள். ரிக்கோவரின் ஆட்கள் கடலடியில் அணு உலையோடு வாழப் போகிறவர்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நம் நாட்டிலும் இது நீதிமன்றம் வரை போன விஷயம்தான். அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று வைத்து, ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நிமிடமே விசாரித்து, அதிலும் பெற்றோர் யார், எந்த ஊர் என்பன போன்றவற்றையே கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தகைய சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது. இது 1980இல் நடந்தது. எந்தப் பள்ளி என்று கேட்டு அதை வைத்துக் குத்திக்காட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை.

ஓ.எம்.ஆர்.வாசி

கல்லணை ஐயா, வரலாறு சுவையாக இருந்தது. ஆனால் எங்கள் துறையில் அழுத்த நேர்காணல் நடத்த யாருக்கும் எவரும் பயிற்சி அளிப்பதில்லை. இவரிடம் எந்த உத்தியும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, பேசும் விதமே அப்படித்தான் இருக்கும். உத்தி என்றால் நேர்காணல் முடியும்போது குரல் மாறும், "உங்களுக்குக் கேள்வி ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். அப்படி எதுவும் நடந்ததா?

பொருநைக்கரை

இல்லை. "எச்.ஆர். பேசுவார்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஓய்வுபெற்ற வங்கியர்

அப்படியானால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். என் போன்ற குழுவினரையோ மலைக்கோட்டை மாணவன் பார்த்த குழுவினரையோ தேர்வு முடிந்த பின் நீங்கள் வாழ்நாளில் சந்திக்கப் போவதில்லை. அவர்கள் கடுகடுத்தால் அரை மணி நேரத்தோடு போயிற்று, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இவரோ உங்கள் விடுப்புக்குக் கையெழுத்திடப் போகிறவர், ஆண்டு மதிப்பீட்டை எழுதப் போகிறவர். அந்த நேர்காணலில் அவரும் தம்மைப் பற்றிய விவரங்களை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அதைக் கணக்கில் எடுக்காமல் போகவும் வேண்டாம், அது ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். வேலைக்கு ஆள் தேடும் நாளில், தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளத் தேவை இருக்கும் நாளிலேயே ஒருவர் இப்படிப் பேசினால், தேவையற்ற நாளில் எப்படிப் பேசுவார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

செங்காந்தள்

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். விசாரிக்கும் வழியைச் சொல்கிறேன். எச்.ஆரிடம் அவரைப் பற்றிப் புகாராகத் தொடங்காதீர்கள். "இந்த இடம் புதிதாக உருவானதா, யாராவது விலகியதால் காலியானதா?" என்று கேளுங்கள். "குழுவில் இப்போது பணியில் இருக்கும் ஒருவரோடு பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" என்றும் கேளுங்கள். இரண்டுமே சாதாரணமான, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளாத கேள்விகள். இரண்டாவதற்கு மறுப்பு வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியைப் பற்றிய பேச்சை எங்களிடம் தெரிவிக்க விரும்பினால், என்ன கேட்டார், என்ன சொன்னார், எந்தத் தேதி என்று மூன்று வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். அடைமொழிகள் வேண்டாம். எங்கள் கைக்கு எழுத்தில் வரும் புகாருக்கு உள்ள மதிப்பு, தொலைபேசியில் சொல்லும் வருத்தத்துக்கு இருப்பதில்லை.

இங்கே படிக்கும் மற்றப் பெண்களுக்காக ஒன்று. "திருமணம் எப்போது, குழந்தை எப்போது" என்ற கேள்வி வந்தால், "பணி நேரத்திலோ வெளியூர்ப் பயணத்திலோ குறிப்பிட்ட தேவை இருந்தால் சொல்லுங்கள், என்னால் இயலுமா என்று சொல்கிறேன்" என்று பேச்சை வேலையின் பக்கம் திருப்பலாம். ஆனால் பேச்சு உடலைப் பற்றியோ பாலியல் தொனியிலோ போனால் அது பொறுத்துப் போக வேண்டிய முரட்டுத்தனம் அன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, அங்கே வேலையில் இருப்பவரா இல்லையா என்று பாராமல் பெண்களுக்குப் பொருந்தும். மூன்று மாதத்துக்குள் அந்த நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அத்தகைய நேரத்தில் "நேர்காணலை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுந்துவிடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பொருநைக்கரை

உங்கள் எல்லோரின் பதில்களையும் படித்துவிட்டுத்தான் எச்.ஆரிடம் பேசினேன். செங்காந்தள் அக்கா சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டேன். அந்த இடம் ஒருவர் விலகியதால் காலியானது, அவருக்கு முன்பு இருந்தவரும் நீண்ட நாள் இருக்கவில்லை என்று தெரிந்தது. குழுவில் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்து தந்தார்கள். அவர் நிதானமாக, யோசித்து யோசித்துப் பேசினார். "வேலை நன்றாகக் கற்றுக்கொள்ளலாம், சம்பளம் தாமதமாகாது. அவர் எல்லோரிடமும் இப்படித்தான், கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார், பழகிவிடும்" என்றார். பழகிவிடும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இருந்தாலும் இரண்டாம் சுற்றுக்குப் போனேன். இம்முறை முடிவை முதலில் சொன்னேன், குறுக்கீடு வெகுவாகக் குறைந்தது, அதற்கு ஓ.எம்.ஆர்.வாசி அண்ணாவுக்கு நன்றி. ஒரு முறை குறுக்கிட்டபோது வங்கியர் ஐயா சொன்னபடி நிறுத்தினேன், மீதியைச் சொல்லலாமா என்று கேட்டேன், "சொல்லுங்கள்" என்றார். பள்ளிப் பேச்சு மீண்டும் வரவில்லை. இறுதியில் நானே கேட்டேன்: "புதிதாக வருபவர் ஒரு பிழையைத் தவறவிட்டு அது வாடிக்கையாளர் வரை போய்விட்டால், இந்தக் குழுவில் அதை எப்படிக் கையாள்வீர்கள்?" அவர், "தவறவிடாத ஆளைத்தான் எடுப்பேன்" என்றார். சோதனைத் துறையில் இருக்கும் எவரும் அப்படி ஓர் ஆளைப் பார்த்திருக்க முடியாது.

நேற்று ஆஃபர் வந்தது. இப்போதைய வேலையை விட வேண்டிய அவசரம் எதுவும் எனக்கு இல்லாததால், நன்றி தெரிவித்து மறுத்துவிட்டேன். முதல் சுற்றில் நடந்ததை மூன்று வரியில் எச்.ஆருக்கு எழுதியும் அனுப்பிவிட்டேன்.

கல்லணை

நல்ல முடிவு.

ஓ.எம்.ஆர்.வாசி

எனக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஓராண்டு இருந்து கற்றுக்கொண்டு வேறு இடம் பார்த்திருக்கலாம் என்பதே என் எண்ணம். நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள் இருக்கும் நம் ஊரில், கையில் உள்ள ஆஃபரை விடுவது எளிய காரியம் அன்று. ஆனால் அந்தக் கூட்டங்களில் தினமும் உட்காரப் போவது நான் இல்லையே.

வைகைச்சாரல்

தோழி, நான் முதலில் எழுதியதில் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்குமானால், இரண்டு சுற்றிலும் என்னென்ன கேட்டார் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா? புதியவர்களையும் எடுக்கிறார்களா?

பொருநைக்கரை

இந்த இடத்துக்கு மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள், ஆனால் அதே குழுவுக்குப் புதியவர்கள் இருவரையும் தேடுவதாக எச்.ஆர். சொன்னார். ஜாவா அடிப்படை, எஸ்.க்யூ.எல். ஜாயின்கள், ஏ.பி.ஐ. சோதனை ஆகியவை நிச்சயம் வரும். ஜென்கின்ஸ் பற்றி மேலோட்டமாகத் தெரிந்தால் போதும். ஒரு லாகின் பக்கத்தைக் காட்டி, என்னென்ன சோதிப்பாய் என்று கேட்பார். முதல் மூன்று விடைகளைச் சட்டென்று சொல்லிவிடுங்கள், நான்காவதைச் சொல்ல அவர் விட மாட்டார். ரெஸ்யூமைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அந்த எச்.ஆருக்கு இன்றே அனுப்பி வைக்கிறேன்.